உடம்புச் சோதனை ஒரு நிமிடம், பதிவு ஐந்து வருடம்

2009 ஏப்ரலில், அமெரிக்கா போவதற்காக டெல்லி விமான நிலையத்துக்கு வந்த அப்துல் கலாமை காண்டினென்டல் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் நிறுத்தி உடற்சோதனை செய்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்கு இந்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. விஷயம் ஜூலையில் வெளியே வந்து, நாடாளுமன்றம் வரை போய், கடைசியில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் இன்னொரு தடவை. நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் அவர் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரிகள் அவருடைய ஜாக்கெட்டையும் ஷூவையும் வாங்கிச் சோதித்தார்கள். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. கலாம் இரண்டு தடவையும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ராமேஸ்வரத்துக்காரர்களுக்குக் கோபம் வந்தது இயல்புதான். ஆனால் "அவரையே இப்படிச் செய்யலாமா?" என்பதோடு பேச்சு நின்றுபோனது. விலக்குப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்தான் இந்தக் கடற்கரையிலிருந்து தினமும் புறப்படுகிறார்கள். சிங்கப்பூருக்கு மகளைப் பார்க்கப் போகும் கீழக்கரைப் பெண்கள், பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் இருந்து வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளர்கள், மக்காவுக்கு உம்ரா என்னும் புனிதப் பயணம் கிளம்பும் வயதானவர்கள். இவர்களிடம் எதைத் தேடுகிறார்கள்? எப்படித் தேடுகிறார்கள்? தேடி முடித்த பிறகு இவர்களைப் பற்றி என்ன மிஞ்சுகிறது? மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொருளைத் தேடும் சோதனை, பொருள் இல்லை என்று தெரிந்ததும் ஆளை விட்டுவிடும். ஆளையே பதிவு செய்யும் சோதனை அப்படி விடுவதில்லை. நம் பக்கத்தில் சங்கடமும் சண்டையும் முதலாவதைப் பற்றியே இருக்கின்றன. கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

ராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. அதனால் மதுரை, திருச்சி, இல்லாவிட்டால் சென்னை. வேன் பிடித்து, வழியனுப்ப வருகிற சொந்தபந்தத்தோடு இரவெல்லாம் பயணம் செய்து விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். அந்த நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வேறு வேறு சீருடைகள் எதிரே வந்து நிற்கும்போது, யார் எதற்காக நிறுத்துகிறார்கள் என்பது பிடிபடுவதில்லை. எல்லாமே "செக்கிங்" என்று ஒரே பெயரில் போய்விடுகிறது.

உண்மையில் அவை தனித்தனி வேலைகள். மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்காரர்கள், அதாவது சி.ஐ.எஸ்.எப்., தேடுவது ஆயுதமும் வெடிபொருளும். அதற்கான விதிகளை வகுப்பது சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். குடியேற்ற அதிகாரி பார்ப்பது பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆளும் எதிரே நிற்கும் ஆளும் ஒருவர்தானா, விசா சரியா, தேடப்படுகிறவரா என்பதை. சுங்கத்துறைக்கு வேண்டியது தங்கமும் வரி கட்டாத சரக்கும். ஒவ்வொரு துறைக்கும் சட்டம் வேறு, அதிகாரத்தின் எல்லை வேறு. பாதுகாப்புக்காக என்று பொறுத்துக்கொள்கிற ஒன்றை இன்னொரு துறையிடமும் அதே காரணத்துக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பாதுகாப்புச் சோதனை ஏன் வேண்டும் என்பதை இந்தக் கரைக்கு விளக்கத் தேவையில்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டு, கொழும்பு விமானத்துக்கு என்று ஒப்படைத்த பெட்டிகளில் இருந்தது. பெட்டியைக் கொண்டுவந்தவர் விமானம் ஏறவில்லை. ஏறத்தாழ 30 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் இலங்கை போகக் காத்திருந்த பயணிகள். அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் மேலே வெடித்து 329 பேர் இறந்தார்கள். அங்கேயும் கதை அதேதான்: பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. ஏறாத ஆளின் பெட்டியை இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்ப வேண்டும் என்ற விதி உலகம் முழுக்க இறுகியது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். 1978இல் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கிய விமானப் பாதுகாப்புப் பணியகம், 1987 ஏப்ரலில் தனித் துறையானது. 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஐ.சி. 814 விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையங்கள் சி.ஐ.எஸ்.எப். கைக்குப் போயின.

அதற்கும் வெகுகாலம் முன்பே இங்கே உடம்பைச் சோதித்திருக்கிறார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி வைத்து, தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். அந்த முகாமை நடத்தியது அன்றைய இலங்கை அரசு. எல்லை தாண்டுகிற ஏழையின் உடம்பை அடுத்தவர் தொட்டுப் பார்ப்பது இந்தப் பக்கம் மூன்று தலைமுறைப் பழக்கம். "அப்படித்தான் பார்ப்பார்கள், சும்மா இரு" என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் அந்தப் பழக்கமும் இருக்கிறது.

சரி, இன்றைய சோதனைக்கு வருவோம். வாசல் போல நிற்கும் கருவி காந்தப்புலத்தை உண்டாக்கி, அதற்குள் உலோகம் வந்தால் கத்துகிறது. அது என்ன உலோகம் என்று அதற்குத் தெரியாது. கையில் பிடிக்கும் கருவியும் அப்படித்தான். நம் ஆண்களின் இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருக்கும், அதில் ஒரு தாயத்தும் தொங்கும். பெல்ட், பர்ஸ், செல்போன் எல்லாவற்றையும் ட்ரேயில் போட்டுவிட்டு வந்த மனிதர், கருவி இடுப்பருகே வந்ததும் கத்துவதைக் கேட்டுத் திகைத்துப் போவார். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். அவ்வளவுதான். முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள்.

பெண்களுக்குத் திரை போட்ட தனிக் கூண்டு. உள்ளே பெண் காவலர். புர்கா அணிந்தவர், பட்டுப்புடவை கட்டியவர், கைக்குழந்தைக்காரி என்று யாராக இருந்தாலும் அந்தத் திரைக்குப் பின்னால்தான் சோதனை. பல நாடுகளில் பெண்ணைப் பெண்ணே சோதித்தாலும் எல்லோர் கண்ணெதிரே நிற்க வைத்துத் தடவிப் பார்க்கிறார்கள். நம் விமான நிலையங்களின் இந்த மூன்று முழத் திரை உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. உள்ளே பார்த்தது உள்ளேயே முடிகிறது. அதைப் பற்றி யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை.

பைகளுக்கு எக்ஸ்ரே. அதன் திரையில் உலோகம் நீலமாகவும், உணவு, துணி, காகிதம் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சாகவும் தெரியும். வெடிபொருளும் பெரும்பாலும் கரிமப் பொருள்தான், அதுவும் ஆரஞ்சுதான். கீழக்கரையில் கிண்டி இறக்கிய தொதல் என்ற இனிப்பை ஒரு கிலோ கட்டியாகப் பொட்டலம் போட்டு மகனுக்குக் கொண்டுபோனால், எக்ஸ்ரேயில் அது அடர்த்தியான ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும். பையைத் திறக்கச் சொல்வார்கள். நம்மைச் சந்தேகப்பட்டு நிறுத்தினார்கள் என்று மனம் நொந்துகொள்ள வேண்டாம், நிறுத்தியது தொதலின் அடர்த்தி. அதைக் கைப்பையின் அடியில் புதைக்காமல் மேலே வைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

எல்லாச் சங்கடமும் இப்படி லேசாக முடிவதில்லை. செயற்கைக்கால் பொருத்திய பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு பயணத்திலும் அந்தக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் பிரதமருக்கு வீடியோவில் முறையிட்டார். சி.ஐ.எஸ்.எப். மன்னிப்புக் கேட்டது. வெடிபொருள் துகள் இருக்கிறதா என்று ஒரு துணித்துண்டால் துடைத்து, அதைக் கருவியில் வைத்துப் பார்க்கிற முறை வந்து பல வருடம் ஆகிறது. அது கையில் இருக்கும்போது ஒரு பெண்ணைக் காலைக் கழற்றச் சொல்வது, பெரும்பாலான நேரங்களில், யோசிக்காமல் செய்யும் வேலை. பிரபலமானவர் வீடியோ போட்டால் மன்னிப்புக் கிடைக்கிறது. சாயல்குடிப் பக்கம் விபத்தில் கால் போன ஒருவருக்கு அந்த வழி கிடையாது.

இதற்கெல்லாம் தீர்வு என்று வந்ததுதான் முழு உடல் ஸ்கேனர். 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிபொருளை மறைத்துக் கொண்டுபோனான். உலோகம் இல்லாததால் பழைய கருவிகளில் சிக்கவில்லை. அமெரிக்க விமான நிலையங்களில் ஸ்கேனர்கள் வேகமாகப் பெருகின. துணியை ஊடுருவித் தோல்மேல் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு அவை படம் எடுத்தன. தனி அறையில் உட்கார்ந்திருந்த ஊழியர் பார்த்தது, ஏறக்குறைய நிர்வாணமான மனித உடம்பை. மக்கள் கொதித்தார்கள், வழக்குப் போட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 2012இல் சட்டமே போட்டது: ஆளின் படத்தைக் காட்டாமல், எல்லோருக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவத்தில் சந்தேகம் உள்ள இடத்தை மட்டும் குறித்துக் காட்டும் மென்பொருள் வேண்டும் என்று. அப்படி மாற்ற முடியாத எக்ஸ்ரே வகை ஸ்கேனர்கள் 2013இல் அகற்றப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2011இலேயே எக்ஸ்ரே வகையைத் தவிர்த்து, ஸ்கேனர் வேண்டாம் என்பவருக்கு மாற்றுச் சோதனை கேட்கும் உரிமையும் கொடுத்தது. இந்தியாவில் 2019இல் பாதுகாப்புப் பணியகம் 28 அதிமுக்கிய விமான நிலையங்களில் முதலிலும் 56 விமான நிலையங்களில் அடுத்தும் ஸ்கேனர் வைக்கச் சொன்னபோது, பொம்மை உருவ முறையைத்தான் சொன்னது. புடவைக் கொசுவம், கொண்டை, வியர்வை இதற்கெல்லாம் அந்தக் கருவி வீணாக எச்சரிக்கும் என்பது இன்னும் தீராத தொல்லை.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் தராசின் இரண்டு தட்டுகளாகவே எப்போதும் பேசுகிறார்கள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும் என்பதுபோல. ஸ்கேனர் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. நிர்வாணப் படம் போனது, வெடிபொருளைக் கண்டுபிடிக்கும் வேலை அப்படியே தொடர்ந்தது. அந்தப் படம் முதலிலிருந்தே தேவையில்லை. மக்கள் சத்தம் போட்டதால்தான் அது தேவையில்லை என்று தெரிய வந்தது.

அதே கேள்வியைப் பதிவுகளைப் பார்த்தும் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் கேட்கிறவர்கள் குறைவு.

உள்நாட்டுப் பயணிகளுக்கு டிஜி யாத்ரா 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. முகமே நுழைவுச்சீட்டு. இதை நடத்துவது டிஜி யாத்ரா ஃபவுண்டேஷன் என்ற நிறுவனம். அதில் இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதப் பங்கு, மிச்சம் கொச்சி, பெங்களூரு, டெல்லி, ஹைதராபாத், மும்பை விமான நிலைய நிறுவனங்களுக்கு. விவரம் பயணியின் போனிலேயே இருக்கும், விமான நிலையத்துக்குப் போகும் நகல் விமானம் புறப்பட்டு 24 மணி நேரத்தில் அழியும், சேர்வது கட்டாயமில்லை என்கிறார்கள். எழுத்தில் நல்ல விதிகள். ஆனால் வாசலில் நிற்கிற ஊழியர்கள் ஒப்புதல் கேட்காமலே பயணிகளின் முகத்தைப் படம் பிடித்துச் சேர்த்துவிட்டார்கள் என்று பல இடங்களில் புகார் வந்தது. அவசரத்தில் நிற்கிறவரிடம் "இங்கே பாருங்கள்" என்றால் பார்க்கத்தான் செய்வார்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இதைவிட நெருக்கமானது விரைவுக் குடியேற்றத் திட்டம். விரல்ரேகையும் முகமும் கொடுத்துப் பதிந்துகொண்டால் தானியங்கி வாயில் வழியாகப் போகலாம். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும், செப்டம்பரில் திருச்சிக்கும் வந்துவிட்டது. வரிசையில் கால்கடுக்க நிற்கும் வயதானவர்களுக்கு இது வசதிதான், மறுக்க மாட்டேன். ஆனால் முகத்திரை அணியும் பெண் அந்த வாயிலில் எங்கே திரையை விலக்குவார்? உடம்பைச் சோதிக்கக் கூண்டும் திரையும் வைத்தவர்கள், முகத்தைப் படிக்கும் கேமராவை நட்டநடுக் கூடத்தில் வைக்கிறார்கள். பெண் அதிகாரி இருக்கும் சாதாரண கவுன்ட்டருக்குப் போக விரும்புகிறேன் என்று சொல்ல முடியும். சொல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பயணி எதையும் கொடுக்காமலே நடக்கும் பதிவு ஒன்று இருக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி, வெளிநாடு போகும், அங்கிருந்து வரும் விமானங்களில் பயணம் செய்கிற ஒவ்வொருவரின் முன்பதிவு விவரத்தையும் விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே சுங்கத்துறைக்கு அனுப்ப வேண்டும். பெயர், தொடர்பு எண், பணம் கட்டிய விதம், எந்த டிராவல்ஸ், எத்தனை பெட்டி, எந்த இருக்கை, கூட யார் வருகிறார்கள் எல்லாம் அதில் உண்டு. ஐந்து வருடம் வைத்திருக்கலாம். மற்றத் துறைகளோடும் வெளிநாடுகளோடும் பகிரவும் இடமுண்டு. மதம், இனம், அரசியல் கருத்து இவற்றை வெளிப்படுத்தும் வகையில் அலசக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் கீழக்கரைக்காரர் ஒருவரின் பெயரும் ஊரும் அவர் வாங்கிய ஜித்தா டிக்கெட்டும் ஒரே வரியில் இருக்கும்போது, மதத்தைத் தனியாக ஒரு கட்டத்தில் எழுத வேண்டிய அவசியம் யாருக்கு இருக்கிறது?

சேர்த்து வைத்த விவரம் கசியாது என்றும் சொல்ல முடியாது. ஏர் இந்தியாவின் பயணிகள் தகவலைக் கையாண்ட சீட்டா நிறுவனத்தின் கணினிகளில் புகுந்து, 2011 ஆகஸ்ட் முதல் 2021 பிப்ரவரி வரை பறந்த சுமார் 45 லட்சம் பேரின் விவரங்களைத் திருடினார்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம் எல்லாம் அதில் இருந்தன. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். பிறந்த தேதியையும் முகத்தையும் மாற்ற முடியாது.

முகவரி விஷயம் இந்தக் கரைக்கு இன்னும் நெருக்கமானது. மண்டபம், வேதாளை, பாம்பன் கடல்வழியாக இலங்கையிலிருந்து வரும் தங்கம் அடிக்கடி பிடிபடுவதும், கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் சரக்கு தூக்கும் "குருவி"கள் இங்கே இருப்பதும் உண்மை. அதனால் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த மாவட்டத்து முகவரியைப் பார்த்ததும் பெட்டியை ஓரமாக எடுத்து வைக்கச் சொல்கிறார்கள் என்ற மனக்குறை, ஊர்த் திண்ணைகளில் எப்போதும் கேட்பது. 2018 ஜனவரியில் அந்தக் கடைசிப் பக்கத்தையே எடுத்துவிடும் திட்டம் ஒன்று வந்தது. கூடவே, பத்தாம் வகுப்பு முடிக்காத, குடியேற்ற அனுமதி தேவைப்படும் தொழிலாளர்களுக்கு ஆரஞ்சு நிறப் பாஸ்போர்ட் என்ற யோசனையும் வந்தது. உறை நிறத்திலேயே ஒருவரைப் படிக்காத கூலி என்று காட்டிக்கொடுப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பி, அந்த மாதக் கடைசியில் இரண்டையும் கைவிட்டார்கள். ஆரஞ்சு உறை போனது நல்லது. ஆனால் முகவரிப் பக்கத்தை எடுக்கும் திட்டமும் அதோடு சேர்ந்து போய், அந்தப் பக்கம் தங்கிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

சுங்கச் சோதனையில் பயணிக்கு இருக்கிற உரிமைகள், பாதுகாப்புச் சோதனையில் இருப்பதைவிடத் தெளிவானவை. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 102ஆம் பிரிவின்படி, உங்கள் உடம்பைச் சோதிக்கப் போகிறார்கள் என்றால், முதலில் ஒரு கெசட்டட் சுங்க அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துப் போகச் சொல்லி நீங்கள் கேட்கலாம். சோதிக்க முகாந்திரம் இல்லை என்று அவருக்குப் பட்டால் விட்டுவிட வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். உடம்புக்குள் ஒளித்திருப்பதாகச் சந்தேகித்து எக்ஸ்ரே எடுக்க, ஒப்புக்கொண்டு தானாக உட்படுகிறவர் தவிர மற்றவருக்கு, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். கருவியால் ஸ்கேன் செய்து பார்க்கத் துணை அல்லது உதவி ஆணையரின் முன் அனுமதி வேண்டும். 2025 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர், இலங்கையிலிருந்து வந்த புதுமணப் பெண்ணின் தாலியைக் கழற்ற வைத்து வாங்கிய சுங்க அதிகாரியைக் கண்டித்து, நகையைத் திருப்பித் தரச் சொன்னார். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பின் அருமை தெரியும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒரே குரலில் சொன்னார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு வேண்டிய அளவு மட்டுமே எடுக்க வேண்டும். திரைக்குள் நடக்கும் சோதனை இதில் தேறிவிடும். எல்லோருடைய முன்பதிவையும் ஐந்து வருடம் வைத்திருப்பது மூன்றாவதில் தேறாது என்பது என் கருத்து. சந்தேகத்துக்கு உரியவரின் பதிவை வைத்துக்கொள்ளட்டும். உம்ராவுக்குப் போய்த் திரும்பிய பாட்டியின் இருக்கை எண் ஐந்து வருடம் எதற்கு? 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு உதவும் என்று நம்பவும் தயக்கமாக இருக்கிறது. அரசு அமைப்புகளுக்கு அறிவிப்பு மூலம் விலக்களிக்க அதில் இடம் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதற்குப் பிறகும் 18 மாதம்.

திருச்சியிலும் மதுரையிலும் கேட்டு வாங்க வேண்டியது பெரிய விஷயம் இல்லை. எந்தக் கேமரா எதற்கு, எடுத்தது எத்தனை நாள் இருக்கும், வேண்டாம் என்பவர் எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று தமிழில், தூரத்திலிருந்து படிக்கிற அளவு எழுத்தில் ஒரு பலகை. முகம் பதிகிற இடத்திலும் ஒரு திரை. நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டால் நடக்கக் கூடியதுதான்.

அப்புறம், விமான நிலையத்துக்குப் போகும் முன்பே நம் ஊரில் நடப்பது. டிக்கெட் போட டிராவல்ஸ்காரர் "பாஸ்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்பார். முதல் பக்கம், கடைசிப் பக்கம், ஆதார், சில சமயம் ஏ.டி.எம். கார்டின் முன்பக்கம்கூட அந்தப் போனுக்குப் போகும். உம்ராக் குழு என்றால் ஒரு முழுக் குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகளும் கடைப் பையனின் போன் கேலரியில், அவன் எடுத்த கல்யாணப் படங்களுக்கு நடுவே கிடக்கும். அந்தப் போன் தொலைந்தால், விற்றால், பழுதுபார்க்கக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர் இல்லை. பழகிய கடை, மாமா மச்சான் என்று கூப்பிடுகிற உறவு, கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் டிக்கெட் கைக்கு வந்த அன்றே அந்தப் படங்களை அழிக்கச் சொல்லுங்கள், அழித்ததைக் காட்டவும் சொல்லுங்கள்.